எதிரி வைத்த வணக்கம்

வினோதினிக்குக் கோபம் வந்தால் முதலில் காது மடல் சிவக்கும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாய் திறக்கும். அன்றைக்கு இரண்டும் ஒன்றாகவே நடந்தன.

"வேற யாருக்காச்சும் குடுங்க தௌபீக். அந்த ஆட்டத்தை நான் தொடறதா இல்ல."

தௌபீக், 'மறு ஆட்டம்' என்ற இணைய இதழின் ஆசிரியர். முப்பத்தாறு வயது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அலுவலகம். கீழேயிருந்து தேங்காய் பன் வாசனை வந்துகொண்டே இருப்பதால் அங்கே யாராலும் ஒழுங்காக வேலை பார்க்க முடியாது. பழைய கணினி விளையாட்டுகளை எடுத்து ஆடிப் பார்த்து, இந்தக் காலத்திலும் அதற்கு நேரம் செலவழிக்கலாமா என்று சொல்வதுதான் அந்த இதழின் பிழைப்பு. அதில் வினோதினி எழுதும் 'இன்னிக்கும் ஆடலாமா?' பகுதிக்குத்தான் வாசகர்கள் அதிகம். நட்சத்திரம், மதிப்பெண் ஒன்றும் அவள் போடமாட்டாள். கடைசி வரியில் 'ஆடலாம்' அல்லது 'வேண்டாம்', அவ்வளவுதான். நாற்பத்து நாலு வயதுக்காரி ஒருத்தி 'வேண்டாம்' என்று எழுதினால் மறுவெளியீடு படுத்துவிடும் என்பதைக் கம்பெனிக்காரர்களே பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொள்வார்கள்.

"அக்கா, சனிவளையம்க்கா! இருபது வருசம் கழிச்சு மறுபடி விடறாங்க. நம்ம கோயமுத்தூர்ல செஞ்ச ஆட்டம். சனி கிரகத்து வளையத்துக்குள்ள பூந்து பூந்து சண்டை. முப்பத்திரண்டு கருவண்டு எதிரிங்க, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி மூளை. அந்த மாதிரி எதிரி அப்புறம் எந்த ஆட்டத்துலயும் வரலை. ஒண்ணுக்கு ஆபத்துன்னா இன்னொண்ணு ஓடி வந்து முன்னால நிக்கும். மிஷினுக்குப் பாசம் வருமான்னு அப்ப பட்டிமன்றமே நடந்துச்சு."

"நடந்துச்சு, நடந்துச்சு," என்றாள் வினோதினி. "எனக்குத் தெரியாதாக்கும்."

"நீங்க எழுதலைன்னா நானே எழுதிடறேன். எனக்கு இப்பவே தெரியும், 'ஆடலாம்'."

அந்த ஒரு வார்த்தைதான் அவளை மடக்கியது. தன்னுடைய பகுதியில், தன் பெயருக்குக் கீழே, அந்த ஆட்டத்துக்கு 'ஆடலாம்' என்று வருவதை அவளால் பொறுக்க முடியவில்லை. ஆட்டம் இருந்த பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

தௌபீக்குக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. சனிவளையம் வெளிவந்த முதல் பதினாலு மாதம், அந்தக் கருவண்டுகளுக்கு மூளையும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. சூலூர் ரோட்டில் மூடிக்கிடந்த ஒரு நூல் மில்லின் கூடத்தில் முப்பத்திரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அவற்றை ஓட்டினார்கள். எல்லாரும் மில்லில் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டிருந்தவர்கள். அந்த வேலையை ரோபோ பிடுங்கிக்கொண்ட பிறகு, விரல் வேகம் வீணாகப் போகவேண்டாமென்று வண்டு ஓட்டக் கூப்பிட்டார்கள். உலகத்தின் ஏதோ மூலையில் ஒருவன், அடேயப்பா இந்த மிஷினுக்கு என்ன மூளை என்று வாயைப் பிளக்க வேண்டும். அதற்காக இவர்கள் அவனோடு நன்றாக மல்லுக்கட்டிவிட்டுக் கடைசியில் தோற்க வேண்டும். சும்மா தோற்றால் திட்டு விழும். ஜெயித்துத் தொலைத்தால் அதைவிட அதிகமாக விழும். பதினைந்தாம் மாதம் ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது கேட் பூட்டியிருந்தது. வெளியே வாய் திறக்கமாட்டோம் என்று ஆளுக்கொரு கையெழுத்தை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வாங்கி வைத்திருந்தார்கள். அந்த முப்பத்திரண்டு பேரில் பதினேழாம் நம்பர் சீட்டுக்காரிதான் வினோதினி.

தங்களை விரட்டிய பிறகு ஏதோ ஒரு புரோகிராமைப் போட்டு வண்டுகளை ஓட்டிக்கொண்டார்கள் என்றுதான் அவள் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அந்த எரிச்சலில் ஒருநாளும் அந்த ஆட்டத்தைத் திறந்து பார்த்ததில்லை.

கணபதியில் அவள் வீடு. மதியம் சாப்பிட்டு முடித்து, ஆட்டக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். உட்காருவதற்கு முன்பே கட்டுரையின் கடைசி வரியைத் தட்டி வைத்துவிட்டாள்: 'வேண்டாம்.' நேர்மையில்லாத காரியம்தான். அன்றைக்கு அவளுக்கு நேர்மையின் மேல் பெரிய மரியாதை இல்லை.

முதல் இரண்டு லெவல் சரசரவென்று போயிற்று. மூன்றாவதில், வளையத்துப் பனிக்கட்டிகளுக்கு நடுவே ஒரு கருவண்டு தன் இடது இறக்கையைத் தாழ்த்தியது. நிமிர்ந்தது. மறுபடியும் தாழ்த்தியது.

பழக்கதோஷம், வினோதினியின் விரல் விசையை அழுத்திவிட்டது. வண்டு வெடித்துச் சிதறியது. கண் முன்னால் தங்க எழுத்தில் வந்தது: 'வணக்க வேட்டை! இரட்டைப் புள்ளி!'

கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். தற்செயலாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி ஆடினாள். இந்தத் தடவை சுடவில்லை, சும்மா சுற்றிச் சுற்றி வந்தாள். பத்து நிமிஷத்தில் இன்னொரு வண்டு இடது இறக்கையை இரண்டு முறை தாழ்த்தியது. உடனே அதன் வலப்பக்கத்து வண்டு, துரத்திக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு ஓடிவந்து அதற்கு முன்னால் நின்றது. அதன்பிறகு இரண்டும் ஒரே மாதிரி, கொஞ்சம் தொய்வாக, கொஞ்சம் திணறலாகத் திரும்பின. ஒருத்தி தன் வலது கையால் ஒன்றும் இடது கையால் ஒன்றுமாக ஓட்டினால் எப்படித் திரும்புமோ, அச்சு அசலாக அப்படி.

அந்த வலப்பக்கத்து வண்டு வளைவில் திரும்புவதற்கு முன்னால் ஒரு கணம் மூக்கைக் கீழே குத்தியது. அந்தக் குத்தலுக்காக எத்தனை திட்டு வாங்கியிருக்கிறாள்! கடைசிவரை அந்தப் பழக்கம் போகவே இல்லை.

அது அவள்தான். இருபத்து மூன்று வயது வினோதினி. அவளைப் பார்த்துப் படித்துக்கொண்டு, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவளை உள்ளே உட்கார வைத்து இருபது வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். "அடப் பாவிகளா," என்று கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்க்கும் அளவுக்குக் கத்தினாள்.

மறுநாள் அவள் அலுவலகம் போனபோது தௌபீக் பெரிய திரையைப் போட்டு வைத்துக்கொண்டு தயாராக இருந்தான். பேச விட்டால்தானே?

"அக்கா, முதல்ல இதைப் பாருங்க. நான் பதினாறு வயசுல புடிச்ச பதிவு. நூறு ஆட்டம் ஆடினா ஒரு தடவை வரும், அதுவும் ஆறாவது லெவல்ல மட்டும். இதுக்குப் பேரு தவம். உலகம் பூரா இதுக்குன்னே ஆளுங்க ராப்பகலா காத்துக் கெடப்பாங்க."

திரையில் ஒரு கருவண்டு இறக்கையைத் தாழ்த்தியது. இரண்டு முறை. யாரும் வரவில்லை. மறுபடி இரண்டு முறை. வரவில்லை. மறுபடியும். வினோதினி வாய்க்குள் எண்ணினாள். பதினோரு தரம் கேட்டுவிட்டு, அந்த வண்டு அசையாமல் அப்படியே நின்றது. பின்னால் சனி கிரகம் மஞ்சளாக எழுந்து வந்தது. தௌபீக் பக்தியோடு ஒரு புல்லாங்குழல் இசையைக் கோத்திருந்தான்.

"பதினோரு தடவை வணக்கம் வச்சுட்டு, சாவுக்குத் தயாரா கண்ணை மூடி நிக்குது பாருங்க," என்றான் தௌபீக். "இந்த இடத்துல எனக்கு இப்பவும் ஒரு மாதிரி ஆயிரும்க்கா."

"அது வணக்கம் இல்ல."

"பின்ன?"

"ஒண்ணுக்குப் போகணும்னு கேக்கறது."

தௌபீக் சிரித்தான். அவள் காதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

அவள் உட்காரவில்லை. வண்டுகளை ஓட்டிய முப்பத்திரண்டு பெண்களைப் பற்றி நின்றுகொண்டே சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். "மில்லுல ஒரு பழக்கம் உண்டு தௌபீக். ஆளுக்கு இத்தனை மிஷின்னு பிரிச்சிருப்பாங்க, அதுக்கு சைடுன்னு பேரு. மிஷின் சத்தத்துல பேசினா காதுல விழாது. ஒருத்தி ஒண்ணுக்குப் போகணும்னா பக்கத்து சைடுக்காரிக்குக் கையால சாடை காட்டுவா. அவ ரெண்டு சைடையும் சேத்துப் பாத்துக்குவா. திரும்பி வந்ததும் இவ அவளோடதைப் பாத்துக்குவா. எல்லா மில்லுலயும் உண்டு, எந்த மேஸ்திரியும் அதை நிறுத்த முடிஞ்சதில்ல."

"சரி."

"இந்தக் கூடத்துல எட்டு மணி நேரத்துக்கு ஒரே ஒரு தடவைதான் விடுவான், அதையும் நோட்டுல நேரம் போட்டு எழுதிக்குவான். வண்டு அஞ்சு செகண்ட் சும்மா நின்னா சூப்பர்வைசர் லோகநாதன் மேசையில சிவப்பு லைட் எரியும். பேசக்கூடாது. தலைக்கு மேல கேமரா, கையைத் தூக்கினா தெரிஞ்சு போயிரும். நான்தான் சொன்னேன், கை எதுக்குடி, வண்டோட இறக்கையால காட்டலாம், அதை எவன் கவனிக்கப் போறான்னு. ஜாய்ஸ்டிக் ரெண்டு சீட்டுக்கு நடுவுல இருக்கும். வலது சீட்டுக்காரிக்கு இடது கை எட்டும். அவ ரெண்டையும் ஓட்டுவா. இவ குனிஞ்சு சுவத்தோரமா ஓடிப் போயிட்டு வந்துருவா."

தௌபீக் திரையைப் பார்த்தான். பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான்.

"கையால காட்டியிருந்தா அதோட போயிருக்கும். நான் பெரிய புத்திசாலி, இறக்கையால காட்டச் சொன்னேன். எவனும் கவனிக்கலைதான், ஆனா எல்லாம் பதிவாயிட்டு இருந்துருக்கு. எங்க கையைப் பாத்துப் படிச்ச மிஷின், எங்க மூத்திரத்தையும் சேத்துப் படிச்சிருக்கு."

"இந்த வண்டு..."

"பதினாறாம் நம்பர். முப்பிடாதி. சிவகிரிப் பக்கத்துப் புள்ள, மில் ஹாஸ்டல்ல இருந்து வந்தவ. அவளுக்கு வலப்பக்கத்து சீட்டு என்னுது. அன்னிக்கு நான் லீவு, என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க. அந்த மாப்பிள்ளைக்கு என்னைப் புடிக்கலைங்கறது வேற கதை. காலி சீட்டைப் பாத்துப் பதினோரு தடவை கேட்டிருக்கா. அப்புறம் நாற்காலியிலயே ஆயிருச்சு. லோகநாதன் அவளை எந்திரிச்சு நிக்கச் சொல்லி எல்லாரையும் திரும்பிப் பாக்கச் சொன்னான். நீ புல்லாங்குழல் போட்டு வச்சிருக்கே."

தௌபீக் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். அவன் முதன்முதலில் பேர் வாங்கியதே ஒரு வீடியோவால்தான். 'வணக்கம் வைக்கும்போது சுடு' என்று தலைப்பு. நாற்பது லட்சம் பேர் பார்த்தது.

"எழுதுங்கக்கா," என்றான். "அத்தனையும் எழுதுங்க. 'வேண்டாம்'னு போடுங்க. கையெழுத்துப் போட்ட காகிதத்துக்காக எவனாச்சும் வந்தா நான் பாத்துக்கறேன்."

கட்டுரை வெளியிடுவதற்கு முன் கம்பெனியிடம் ஒரு வார்த்தை கேட்பது இதழின் வழக்கம். வினோதினி போன் போட்டாள். பழைய முதலாளிகள் என்றோ விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது ஆட்டத்தை வாங்கி வைத்திருந்த புதுக் கம்பெனியில் சஞ்சய் என்ற இளைஞன் பேசினான். நல்ல பையன்தான், அதுதான் தொல்லை. குரைத்திருந்தால் பதிலுக்குக் குரைத்திருக்கலாம்.

முழுசாகக் கேட்டுவிட்டு, "ரொம்ப வருத்தமா இருக்கு மேடம்," என்றான். "சத்தியமா எங்களுக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்றேன், கவலைப்படாதீங்க. நீங்க எழுதின அன்னிக்கே அந்த இறக்கை அசைவை மொத்தமா எடுத்துடுவோம். தவத்தையும் எடுத்துடுவோம். ஒரே ஒரு அப்டேட்தான். அப்படி ஒண்ணு இருந்ததே யாருக்கும் தெரியாது."

"அப்படி ஒண்ணு இருந்ததே தெரியாதா?"

"ஆமா மேடம், சுத்தமா இருக்காது."

போனை வைத்த பிறகுதான் அந்தப் பதிலின் பொருள் அவளுக்கு உறைத்தது. அந்தக் கூடத்தின் வருகைப் பதிவேடு எரிந்துவிட்டது. மில்லை இடித்து வீட்டுமனை போட்டாயிற்று. முப்பத்திரண்டு பெண்கள் பதினாலு மாதம் அங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சாட்சி அந்த இறக்கைகள்தான். அவள் எழுதினால் சாட்சியை அழித்துவிடுவான். எழுதாவிட்டால், ஒண்ணுக்குப் போகக் கேட்கிற பெண்களைச் சுட்டு இரட்டைப் புள்ளி வாங்கிக்கொண்டே இருப்பார்கள். வெள்ளிக்கிழமை கட்டுரை போக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் சிங்காநல்லூருக்குப் பஸ் ஏறினாள். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் முப்பிடாதி அங்கே ஒரு டயாலிசிஸ் மையத்தில் நாலு மணி நேரம் படுத்திருப்பாள். சிறுநீரை அடக்கி அடக்கி வந்த எரிச்சல் காய்ச்சலாகி, காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்து, கடைசியில் இரண்டு கிட்னியும் போய்விட்டன; உடம்பில் சேரும் தண்ணீரை இப்போது மிஷின்தான் எடுத்தாக வேண்டும். டாக்டர் வேறு காரணங்களும் சொன்னார். முப்பிடாதி மட்டும் ஒரே காரணத்தைத்தான் சொல்வாள்.

"வாட்டி வினோ. என்ன இப்படி மூச்சு வாங்குது? படி ஏறுனதுக்கா?" கையில் இரண்டு குழாய் ஏறியிருக்க, முப்பிடாதி தலையணையில் சாய்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். தின்னக்கூடாது, நர்சு பார்த்தால் பிடுங்குவாள்.

வினோதினி எல்லாவற்றையும் சொன்னாள். தவத்தைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தைப் பார்க்காமல் மிஷினைப் பார்த்துச் சொன்னாள்.

முப்பிடாதி மெல்லுவதை நிறுத்தினாள். "அப்ப நான் அங்கன இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேனா?"

"ஆமா."

"யாராவது வந்தாளா?"

"இல்லடி. என் சீட்டு காலியாத்தான் இருக்கு." வினோதினிக்கு அழுகை வந்துவிட்டது. "எல்லாம் என்னாலதான். கையால காட்டலாம்னு நீங்க எல்லாரும் சொன்னீங்க."

"போட்டி கோட்டிக்காரி. கையால காட்டியிருந்தா ஒரு வாரத்துல புடிச்சுத் தொரத்தியிருப்பான். உன்னாலதான் பதினாலு மாசம் தாக்குப் புடிச்சோம்." அப்புறம் குரல் ஏறியது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். "ஆமா, அந்தப் பய என்னமோ சரி பண்ணுதேன்னு சொன்னாம்னியே, எதைச் சரி பண்ணுவான்? என் கிட்னியவா? நாங்க கேட்டதை அழிச்சுப்போட்டா கேக்காத மாதிரி ஆயிருமா? நாற்காலி நனைஞ்சன்னிக்குக்கூட எனக்கு இம்புட்டு ஆத்தாமை வரலட்டி."

"அதான் என்ன எழுதறதுன்னு தெரியாம வந்துருக்கேன். 'வேண்டாம்'னு போட்டா எவனும் தொடமாட்டான். நம்மளைச் சுடமாட்டான்."

"தொடலைன்னா நம்மளப் பாக்கவும் மாட்டாம்லா?" முப்பிடாதி முறுக்கைத் துணியில் சுருட்டி ஒளித்து வைத்தாள். "நான் சொல்லுதேன் கேளு. ஆடலாம்னு எழுது. எல்லாவனும் போய்ப் பாக்கட்டும். என் பேரைப் போடு, நாற்காலி நனைஞ்சதையும் போடு. எனக்கென்ன வெக்கம்? வெக்கம் அவனுக்குல்லா இருக்கணும். அழிக்கதுக்கு முன்னால பாத்துக்கிடச் சொல்லு."

வினோதினி வீட்டுக்கு வந்து, முன்பே தட்டி வைத்திருந்த கடைசி வரியை அழித்தாள். வெள்ளிக்கிழமை கட்டுரை வந்தது. கூடத்தைப் பற்றி, சைடு பார்ப்பதைப் பற்றி, லோகநாதனைப் பற்றி, பதினாறாம் நம்பர் சீட்டைப் பற்றி எல்லாம் எழுதியிருந்தாள். எந்த லெவலில் எத்தனையாவது நிமிஷத்தில் எந்த வண்டு இறக்கையைத் தாழ்த்தும், அதை ஓட்டியவள் பெயர் என்ன, ஊர் என்ன என்று நினைவில் இருந்த இருபத்தாறு பெயர்களையும் போட்டிருந்தாள். ஆறு பெயர் நினைவுக்கு வரவில்லை, அதற்கு மன்னிப்பும் கேட்டிருந்தாள். முடிவு இப்படி இருந்தது:

'உடனே வாங்குங்கள். வாங்கியதும் அப்டேட்டை நிறுத்தி வையுங்கள், ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இறக்கை தாழ்ந்தால் சுடாதீர்கள். அவள் போய்விட்டு வரட்டும். ஆடலாம்.'

வழக்கமான கழிசடைகள் வந்து வழக்கமாகச் சிரித்துவிட்டுப் போனார்கள். மூத்திர வண்டு என்று படம் போட்டார்கள். ஒரு புத்திமான், அந்தக் காலத்தில் வேலை கிடைத்ததே பெரிசு என்று உபதேசம் செய்தான். வினோதினி ஒவ்வொருவனுக்கும் உட்கார்ந்து பதில் திட்டினாள். தௌபீக் தன் பழைய வீடியோவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவள் கட்டுரையை வைத்தான். ஆனால் மூன்றாம் நாளிலிருந்து வேறு மாதிரி கடிதங்கள் வரத் தொடங்கின. ஓசூரிலிருந்து ஒருத்தி எழுதியிருந்தாள்: 'சுடாமல் நின்றேன். நாலு நிமிஷத்தில் வண்டின் திணறல் நின்று பழைய வேகம் திரும்பி வந்தது. வந்ததும் பக்கத்து வண்டு இறக்கையைத் தாழ்த்தியது. இப்படியே ஒவ்வொன்றாக முப்பத்திரண்டும் போய்விட்டு வந்தன. மூன்று மணி நேரம் ஆயிற்று. இருபது வருஷம் ஆடியிருக்கிறேன், இது தெரியாது.'

கம்பெனி சொன்னபடி செய்தது. ஒன்பதாம் நாள் அப்டேட் வந்தது. கூடவே ஒரு குறிப்பு: 'வணக்கப் பிழை நீக்கப்பட்டது. சுட்டிக்காட்டிய வினோதினி அவர்களுக்கு நன்றி.' அந்த நன்றியைப் படித்துவிட்டு அவள் எறிந்த தம்ளர் சுவரில் இன்னும் தழும்பாக இருக்கிறது.

அப்புறம் நடந்ததைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. அப்டேட் போட்டுக்கொண்டவர்களுக்குக் கருவண்டுகள் மந்தமாகிவிட்டன. ஒன்று அடிபட்டால் பக்கத்தில் உள்ளது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முப்பத்திரண்டும் முப்பத்திரண்டு கல்லாக மிதந்தன. கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலே விழுந்தன. பாசம், மூளை என்று ஊரெல்லாம் பட்டிமன்றம் போட்டதே, அது மொத்தமும் அந்த இறக்கைச் சாடையில்தான் இருந்திருக்கிறது. ஒருத்தி போய்விட்டு வருவதற்காக இன்னொருத்தி பார்த்துக்கொண்டதைத்தான் உலகம் வியந்திருக்கிறது. அதை எடுத்ததும் ஆட்டம் செத்துப்போயிற்று. வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்க வரிசை கட்டினார்கள்.

அடுத்த வியாழக்கிழமை காலை வினோதினி சிங்காநல்லூரில் முப்பிடாதியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. சஞ்சய். முப்பிடாதியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், நீங்க ஜெயிச்சுட்டீங்க," என்றான். "பழையபடியே விட்டா கம்பெனிக்கு அசிங்கம். விடாட்டி ஆட்டம் ஓடாது. மேலிடத்துல ஒரு யோசனை சொல்றாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லுங்க."

"பழைய டீம் திரும்ப வந்து ஒரு ரெண்டு மாசம் உக்காந்தா போதும். புதுசா, சுத்தமா பதிவு பண்ணிக்கலாம். இப்ப இருக்கற சின்னப் பசங்களை வச்சு முயற்சி பண்ணிப் பாத்தோம், ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கறது வரவே மாட்டேங்குது. அது உங்க கையில மட்டும்தான் இருக்கு மேடம். அது மட்டும் பழையபடி வந்துட்டா போதும்."

வினோதினியின் காது மடல் சிவந்தது. சொல்ல வேண்டிய வார்த்தைகள் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வந்ததில் ஒன்றும் வெளியே வரவில்லை.

அவள் பேசாமல் இருந்ததைச் சம்மதத்துக்கு முன்னால் வரும் தயக்கம் என்று சஞ்சய் எடுத்துக்கொண்டான் போலும். அவசரமாகச் சொன்னான். "இந்தத் தடவை அந்த மாதிரி எதுவும் நடக்காது மேடம். நான் எழுதியே வாங்கிட்டேன். சீட்டுக்குப் பக்கத்துலயே பாத்ரூம். சிவப்பு லைட் கிடையாது, நோட்டு கிடையாது, சூப்பர்வைசரே கிடையாது. எத்தனை தடவை வேணும்னாலும் போயிட்டு வரலாம்."

முப்பிடாதி குழாய் ஏறாத கையை நீட்டி போனை வாங்கி வாயருகே வைத்துக்கொண்டாள்.

"தம்பி, நான் பதினாறாம் நம்பர் பேசுதேன்."

"அம்மா! நீங்களா? உங்களைத்தான் அவங்க முக்கியமா..."

"எத்தனை தடவை வேணும்னாலும் போலாம்னு சொல்லுத. நல்லாருப்ப. நான் ஒண்ணுக்குப் போயி நாலு வருசம் ஆச்சு தம்பி."